தளவாய் கஜானாவைப் பிடித்தபோது: மைசூரில் ராணுவ ஆட்சி எப்படி வந்தது, எப்படி முடிந்தது?

மாலி, கினி, புர்கினா ஃபாசோ, நைஜர். 2020 முதல் மேற்கு ஆப்ரிக்காவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடுகளில் சில இவை. இதில் மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் தலா இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் செய்தி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். சீருடையில் சிலர் டிவியில் தோன்றுவார்கள். அரசியல் சாசனம் நிறுத்தி வைக்கப்படுவதாக ஒருவர் வாசிப்பார். எல்லைகள் மூடப்படும்.

படித்துவிட்டு, 'நல்லவேளை, நம்ம பக்கம் இதெல்லாம் நடக்காது' என்று போனைக் கீழே வைக்கிறோம். ஆனால் நடந்திருக்கிறது. வேலைக்காக மைசூரு வந்து தேவராஜ மொஹல்லா பக்கம் குடியிருக்கிறீர்களா? நீங்கள் காய்கறி வாங்கும் தேவராஜா மார்க்கெட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பேருந்துப் பயணத்தில் இருக்கிறது ஸ்ரீரங்கப்பட்டணம். 1761-ல் அங்கேதான் ஒரு ராணுவ அதிகாரி மைசூர் அரசின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்தார். அடுத்த 38 ஆண்டுகள் அவரும் அவர் மகனும் ஆண்டார்கள். அவர்களை நாம் ஹைதர் அலி, திப்பு சுல்தான் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஒரு தளபதி எப்படி ஆட்சியாளர் ஆகிறார் என்ற கோணத்தில் அந்தக் கதையைப் படித்திருக்க மாட்டோம்.

அதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். கூடவே, மேற்கு ஆப்ரிக்காவின் இன்றைய செய்திகளைப் புரிந்துகொள்ள அது எங்கே உதவுகிறது, எங்கே உதவாது என்பதையும் பார்க்கலாம்.

தளவாய் என்றால் யார்?

தமிழர்களுக்கு இது புதிய சொல் இல்லை. மதுரை நாயக்கர் காலத்துத் தளவாய் அரியநாத முதலியாரும், திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். தளம் என்றால் படை. படைக்குத் தலைவர் தளவாய். மைசூர் உடையார்களின் அரசிலும் இதே பதவி இருந்தது. நஞ்சன்கூடு அருகிலுள்ள களலே என்ற ஊரைச் சேர்ந்த குடும்பம் இந்தப் பதவியை வழிவழியாக வகித்துவந்தது. அரச குடும்பத்தோடு அவர்களுக்குத் திருமண உறவும் உண்டு.

மைசூரின் வலுவான அரசர்களில் ஒருவர் சிக்க தேவராஜ உடையார். 1673 முதல் 1704 வரை ஆண்டவர். நிர்வாகத்தை 18 துறைகளாகப் பிரித்தவர். 1687-ல் பெங்களூரை முகலாயத் தளபதியிடமிருந்து 3 லட்சம் ரூபாய்க்கு வாங்கியவர். கஜானாவில் பணத்தைச் சேர்த்து வைத்ததால் 'நவகோடி நாராயணர்' என்று பட்டமே வந்துவிட்டது. அவர் காலத்தில் தளவாய் அரசரின் ஊழியர் மட்டுமே.

அவருக்குப் பின் வந்த அரசர்கள் வலுவிழந்தார்கள். அரண்மனைக்குள் அரசர், வெளியே படையும் வரி வசூலும் தளவாய் குடும்பத்திடம் என்று நிலைமை மெல்ல மாறியது. இதற்கென்று எந்த அறிவிப்பும் வெளியாகவில்லை. யாரும் யாரையும் கைது செய்யவும் இல்லை, 1734 வரை.

(தேவராஜ என்ற பெயர் இந்த வரலாற்றில் நிறைய பேருக்கு உண்டு. தொட்ட தேவராஜர், சிக்க தேவராஜர் என்று அரசர்கள் இருந்தார்கள். அரசரை இறக்கிய தளவாயின் பெயரும் தேவராஜய்யா. 20-ஆம் நூற்றாண்டில் முதலமைச்சராக இருந்தவர் தேவராஜ் அர்ஸ். குழம்பிவிடாதீர்கள்.)

1734: அரசரையே மாற்றிய தளபதி

1732-ல் சாமராஜ உடையார் அரியணை ஏறினார். தளவாய் குடும்பத்தின் பிடியிலிருந்து விடுபடப் பார்த்தார். இரண்டே ஆண்டுகளில் தளவாய் தேவராஜய்யாவின் ஆட்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கி, கப்பாள்துர்க்கம் மலைக்கோட்டைச் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கேயே அவர் இறந்துபோனார். பதிலுக்கு அரியணையில் அமர்த்தப்பட்ட இரண்டாம் கிருஷ்ணராஜர் சின்னக் குழந்தை.

குழந்தை அரசராக இருந்தால் கையெழுத்து யார் போடுவார்கள்? தளவாய் தேவராஜய்யாவும் அவருடைய தம்பி நஞ்சராஜய்யாவும்தான். தம்பி தன் மகளையே அரசருக்குத் திருமணம் செய்துவைத்தார். ஆக, மைசூரில் ராணுவத்தின் கை ஓங்கியது ஹைதர் அலியால் அல்ல. அவர் முன்னுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அரசரைத் தளபதி இறக்கலாம் என்பது நடைமுறையாகிவிட்டது. ஹைதர் திறந்த கதவை ஏற்கெனவே தளவாய்கள் பூட்டு உடைத்து வைத்திருந்தார்கள்.

திருச்சியில் காலியான கஜானா

இங்கேதான் கதை தமிழ்நாட்டுக்கு வருகிறது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டிருந்த நேரம். திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கியிருந்த முகமது அலி, 'உதவிக்கு வாருங்கள், திருச்சியைத் தருகிறேன்' என்று மைசூருக்குச் சொல்லியனுப்பினார். நஞ்சராஜய்யா பெரும் படையோடு புறப்பட்டார். 1752-ல் சந்தா சாகிப் தோற்று, கொல்லப்பட்டார். முகமது அலி சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. திருச்சியைத் தர மறுத்துவிட்டார்.

நஞ்சராஜய்யா விடவில்லை. ஸ்ரீரங்கத்தில் முகாமிட்டு 1755 வரை திருச்சியைப் பிடிக்கப் போராடினார். கிடைக்கவில்லை. சிக்க தேவராஜர் சேர்த்துவைத்த அரசின் பணம், இந்த மூன்று ஆண்டுப் படைச்செலவில் கரைந்தது. அதே 1755-ல் நிஜாமின் படை பிரெஞ்சுத் துணையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் வாசலுக்கு வந்து கப்பம் கேட்டது. 1757-ல் மராட்டியப் படை வந்தது. பணமாகக் கொடுக்க முடியாததற்கு நகைகளையும் நிலப்பகுதிகளையும் கொடுக்கவேண்டியிருந்தது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 1756-ல் வளர்ந்துவிட்ட அரசர் கிருஷ்ணராஜர் தளவாய்களைக் கவிழ்க்கத் திட்டமிட்டார். நஞ்சராஜய்யா தன் மருமகனான அரசரின் அரண்மனையையே பீரங்கியால் தாக்கி உள்ளே நுழைந்தார். அதை ஏற்காத அண்ணன் தேவராஜய்யா பிரிந்து சத்தியமங்கலம் போய்விட்டார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மதிப்பு இழந்த அரசர், பிரிந்துபோன தளபதிகள், காலியான கஜானா, மாதக்கணக்கில் சம்பளம் வராத சிப்பாய்கள். ராணுவ ஆட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சம்பளப் பாக்கியைத் தீர்த்தவர்

ஹைதர் அலி கோலார் பக்கம் பூதிக்கோட்டையில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் மனக்கணக்கில் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் நஞ்சராஜய்யாவின் கண்ணில் பட்டார். திருச்சிப் போரிலும் இருந்தார். 1755-ல் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக, அதாவது அந்தப் பகுதியின் படை அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

திண்டுக்கல்தான் அவருக்கு அடித்தளம். தலைநகரிலிருந்து தூரம். வரி வசூலும் படையும் ஒரே கையில். பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதப் பட்டறை ஒன்றை அமைத்தார். கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ள கண்டே ராவ் என்ற தேர்ந்த கணக்காளர் இருந்தார். அந்நாளைய ஹைதரின் சாமர்த்தியத்துக்கு மார்க் வில்க்ஸ் ஒரு கதை சொல்கிறார். போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அரசு தனிப்படி கொடுக்கும். கணக்கெடுக்க ஆள் வந்தபோது, காயமே படாத பல பேரின் கை கால்களிலும் மஞ்சள் துணிக்கட்டு போட்டு உட்காரவைத்து, அவர்களுக்கும் சேர்த்துப் பணம் வாங்கினாராம் ஹைதர். வில்க்ஸ் மைசூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர். ஹைதரைப் பிடிக்காத தரப்பின் ஆள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

1758-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சம்பளம் வராத சிப்பாய்கள் நஞ்சராஜய்யாவின் வீட்டு வாசலில் தர்ணா உட்கார்ந்தார்கள். ஹைதரும் கண்டே ராவும் வந்தார்கள். பாக்கிக் கணக்குகளைச் சரிபார்த்தார்கள். அரசின் சொத்துகளை விற்று, கிடைத்ததைக் கொண்டு பாக்கியைத் தீர்த்தார்கள். அன்றிலிருந்து சிப்பாய்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. உத்தரவு யார் போட்டாலும், பணம் தருபவர் இவர்தான்.

அடுத்த ஆண்டு பெங்களூரை முற்றுகையிட்ட மராட்டியரை ஹைதர் திருப்பி அனுப்பினார். 'ஃபதே ஹைதர் பகதூர்' என்ற பட்டம் கிடைத்தது. மறுபடியும் சம்பளப் பாக்கி எழுந்தது. இந்த முறை நஞ்சராஜய்யாவே ஓய்வு பெற்று ஒதுங்கினார். படைச்செலவுக்கு என்று மேலும் மேலும் வரிப் பகுதிகள் ஹைதரின் பொறுப்புக்குப் போயின.

1760–61: திரும்பி வந்த பத்து மாதங்கள்

அரண்மனை பயந்தது. தளவாயிடமிருந்து தப்பிக்க ஹைதரைப் பயன்படுத்தினோம், இப்போது ஹைதரிடமிருந்து தப்பிப்பது எப்படி? அரண்மனை ஹைதரின் சொந்தக் கணக்காளரான கண்டே ராவையே தன் பக்கம் இழுத்தது. 1760 ஆகஸ்டில், ஹைதரின் பெரும்பான்மைப் படை வெளியூரில் இருந்த நேரம் பார்த்துத் தாக்குதல் நடந்தது. குடும்பம் கோட்டைக்குள்ளேயே இருக்க, ஹைதர் இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்து பெங்களூருக்கு ஓடினார்.

அவரைக் காப்பாற்றியவற்றில் ஒன்று தற்செயல். 1761 ஜனவரியில் மூன்றாம் பானிபட் போரில் மராட்டியர் நொறுங்கினார்கள். தெற்கே கவனம் செலுத்த அவர்களுக்கு நேரமில்லை. ஹைதர் படை திரட்டினார். தான் ஒதுக்கித்தள்ளிய நஞ்சராஜய்யாவிடமே போய் மன்னிப்பு கேட்டு ஆதரவு வாங்கினார். 1761-ன் நடுவில் ஸ்ரீரங்கப்பட்டணம் அவர் கைக்கு வந்தது. கண்டே ராவுக்குக் கருணை காட்டும்படி அரண்மனை கேட்டபோது, 'கிளியைப்போல வளர்ப்பேன்' என்று ஹைதர் சொன்னதாகவும், அதன்படியே கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்ததாகவும் கதை உண்டு.

அரசருக்கும் அரண்மனைச் செலவுக்கும் 3 லட்சம் ரூபாய் வருமானமுள்ள நிலப்பகுதி ஒதுக்கப்பட்டதாக வில்க்ஸ் பதிவு செய்கிறார். மீதி நாடு முழுக்க ஹைதரிடம்.

சரி, அரசரை ஏன் விட்டுவைத்தார்?

இந்தக் கதையில் அதிகம் யோசிக்கவேண்டிய கேள்வி இதுதான். ஹைதரிடம் படை இருந்தது, பணம் இருந்தது. ஆனாலும் அவர் தன்னை அரசர் என்று அறிவித்துக்கொள்ளவில்லை. உடையார் குடும்பம் அரண்மனையில் இருந்தது. ஆண்டுதோறும் தசராவின்போது அரசரை மக்கள் முன்னால் அமர்த்தி, அவர் பெயரில் தர்பார் நடத்தினார்கள். 1763-ல் பெத்னூரைப் பிடித்த பிறகு ஹைதர் வெளியிட்ட தங்க நாணயத்தின் ஒரு பக்கத்தில் பழையபடி சிவனும் பார்வதியும் இருந்தார்கள். மறுபக்கத்தில் மட்டும் அவர் பெயரின் முதல் எழுத்து பாரசீகத்தில்.

காரணம் எளிது. மைசூர் நாட்டின் பாளையக்காரர்களும் ஊர்த் தலைவர்களும் கோயில்களும் உடையாருக்குக் கட்டுப்பட்டே பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை உடைத்தால் ஒவ்வொரு ஊரிலும் படை வைத்து ஆள வேண்டும். அரசர் பெயரில் ஆண்டால் அந்தச் செலவு மிச்சம்.

ஆனால் விட்டுவைத்தார் என்பதால் மதித்தார் என்று அர்த்தம் இல்லை. 1766-ல் கிருஷ்ணராஜர் இறந்தார். அடுத்து வந்த இளைஞர் நஞ்சராஜ உடையார் 1770-ல் கொல்லப்பட்டார். அதற்கடுத்தவரும் 1776-ல் இறந்துவிட, புதிய அரசரைத் தேர்ந்தெடுக்க ஹைதர் ஒரு வழி கண்டுபிடித்தார் என்று ஒரு கதை நிலைத்திருக்கிறது. அரச உறவுக் குடும்பங்களின் குழந்தைகளை ஒரு கூடத்தில் விட்டு, பழமும் பொம்மையும் பரப்பிவைத்தார்களாம். ஒரு குழந்தை மட்டும் கத்தியைக் கையில் எடுத்தது. 'இவன்தான் ராஜா' என்றாராம் ஹைதர். கதை உண்மையோ இல்லையோ, அரசரை நியமிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது மட்டும் உண்மை.

திப்பு என்ன மாற்றினார்?

1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே போர் முகாமில் ஹைதர் இறந்தார். திப்பு பொறுப்பேற்றார். அப்பா வைத்திருந்த திரையை மகன் விலக்கினார். பாதுஷா என்று பட்டம் சூடினார். 1786-ல் உதுமானியப் பேரரசின் தலைநகருக்குத் தூதுக்குழு அனுப்பி, அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் தேடினார். தசரா தர்பாரில் அரசரைக் காட்டும் வழக்கம் நின்றது. 1796-ல் சாமராஜர் இறந்தபோது அடுத்த அரசர் நியமிக்கப்படவே இல்லை.

அவர்களுடைய ஆட்சியை ஒரே வார்த்தையில் நல்லது, கெட்டது என்று முடித்துவிட முடியாது. பாளையக்காரர்களைக் கடந்து நேரடியாக வரி வசூலித்தார்கள். படைக்கு ஒழுங்காகச் சம்பளம் போனது. பட்டு வளர்ப்புக்கு மைசூரில் ஊக்கம் தந்தவர் திப்பு. மஸ்கட்டில் வணிகக் கிடங்கு வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கம்பெனிப் படையைக் களத்தில் தோற்கடித்த மிகச் சில இந்திய அரசுகளில் மைசூர் ஒன்று. இன்னொரு பக்கம், குடகு மக்களையும் மங்களூர் கிறிஸ்தவர்களையும் கூட்டங்கூட்டமாகப் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனதும் இதே ஆட்சிதான். பழைய மைசூர் ஊரையும் கோட்டையையும் இடித்து, அருகே நஸர்பாத்தைக் கட்டத் தொடங்கியதும் திப்புதான். இன்றைய நஸர்பாத் மொஹல்லாவின் பெயர் அப்படி வந்தது.

ஒரு படையின் பலத்தில் நிற்கும் ஆட்சிக்குப் போரில் தோற்க உரிமை கிடையாது. 1792-ல் மூன்றாம் மைசூர் போரில் தோற்ற திப்பு பாதி நாட்டை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார். பணம் வரும்வரை இரண்டு மகன்களைப் பிணையாக மதராஸுக்கு அனுப்பினார். சேலம், திண்டுக்கல், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் கம்பெனி கைக்குப் போனது இந்த ஒப்பந்தத்தில்தான். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரில் இறந்தார்.

அரசர் திரும்பினார், அதிகாரம் திரும்பியதா?

அரண்மனை சும்மா இருக்கவில்லை. இரண்டாம் கிருஷ்ணராஜரின் மனைவி லட்சுமம்மண்ணி பல ஆண்டுகளாகக் கம்பெனியோடு ரகசியத் தொடர்பில் இருந்தார். அவர் சார்பாகத் திருமலை ராவ் என்பவர் 1782-ல் தஞ்சாவூரில் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தமே செய்திருந்தார். 1799 ஜூன் 30 அன்று ஐந்து வயது மூன்றாம் கிருஷ்ணராஜர் அரியணையில் அமர்ந்தார். திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டது. 1806 வேலூர்ப் புரட்சியில் சிப்பாய்கள் திப்புவின் குடும்பத்தைத் தேடிப் போனதற்கு இதுதான் பின்னணி.

மறுபடியும் ஒரு குழந்தை, மறுபடியும் கையெழுத்து வேறு ஒருவருடையது. ஹைதரிடமும் திப்புவிடமும் வேலை பார்த்த பூர்ணய்யாவே திவான். நாட்டைக் காக்கும் படை கம்பெனியுடையது. அதற்காக மைசூர் ஆண்டுக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன் கொடுக்க வேண்டும். அதாவது, சிப்பாய்க்குச் சம்பளம் மைசூர் கொடுக்கும், ஆனால் அவன் கேட்பது வேறு ஒருவர் உத்தரவை.

1830-ல் நகர் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதைக் காரணம் காட்டி, 1831-ல் கம்பெனி நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டது. அரசர் அரண்மனையில் இருந்தார். ஆட்சி பெங்களூரிலிருந்த கமிஷனரிடம் போனது. 1834 முதல் 1861 வரை அந்தப் பதவியில் இருந்தவர் மார்க் கப்பன், மதராஸ் ராணுவத்தின் அதிகாரி. பெங்களூர் கப்பன் பார்க்கில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியும். அவரையும் ஒரு வகையில் தளவாய் என்று சொல்லலாம்.

ஒரே பார்வையில்

1734: தளவாய்கள் அரசரை இறக்கிச் சிறைவைத்தார்கள்.
1752–55: திருச்சிப் போர். கஜானா காலி.
1758: ஹைதர் சிப்பாய்களின் சம்பளப் பாக்கியைத் தீர்த்தார்.
1761: ஹைதர் முழு அதிகாரம் பெற்றார். அரசர் பெயருக்கு.
1796: அரியணை காலியாக விடப்பட்டது.
1799: திப்பு மறைவு. உடையார் மீட்பு, கம்பெனி மேலாதிக்கம்.
1831–81: கமிஷனர் ஆட்சி.
1881: அரசரிடம் ஆட்சி திரும்பியது. பிரதிநிதிகள் சபை தொடங்கியது.

மேற்கு ஆப்ரிக்காவோடு ஒப்பிட்டால்?

காலமும் சூழலும் வேறு. 18-ஆம் நூற்றாண்டு மைசூரில் அரசியல் சாசனம் இல்லை, தேர்தல் இல்லை. அதனால் ஹைதர் மீறியதற்கு எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. இன்று நைஜரில் ஒரு ஜெனரல் தூக்கியெறிவது மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்சியை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ஒப்பிடக்கூடாது. ஆனால் சில படிகள் அப்படியே பொருந்துகின்றன.

டோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஊர் திரும்பிய டோகோ சிப்பாய்கள், புதிய நாட்டின் ராணுவத்தில் தங்களுக்கு வேலை கேட்டார்கள். ராணுவம் சிறியதாக இருந்தால் போதும் என்று நினைத்த அதிபர் சில்வானஸ் ஒலிம்பியோ மறுத்தார். 1963 ஜனவரி 13 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். சுதந்திரம் பெற்ற மேற்கு ஆப்ரிக்காவின் முதல் ராணுவக் கவிழ்ப்பு இது. வாசலில் உட்கார்ந்த சிப்பாய்களின் கோரிக்கை ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் இதே மாதிரிதான் தொடங்கியது.

அந்தச் சிப்பாய்களில் ஒருவரான எயாடெமா 1967-ல் ஆட்சியைப் பிடித்து, 2005-ல் இறக்கும்வரை விடவில்லை. அவர் இறந்ததும் ராணுவம் அவருடைய மகன் ஃபோர் நாசிங்பேவை அமர்த்தியது. பிறகுதான் தேர்தல் வந்தது. ஹைதருக்குப் பின் திப்பு மாதிரி. அதோடு முடியவில்லை. புதிய சாசனத்தின்படி 2025-ல் டோகோவில் அதிபர் பதவி பெயரளவுக்கு ஆனது. அதிகாரம் முழுக்க அமைச்சரவைத் தலைவர் என்ற புதிய பதவிக்குப் போனது. அதில் இருப்பவர் அதே ஃபோர். நாற்காலி ஓரிடம், அதிகாரம் ஓரிடம் என்ற ஏற்பாடு மைசூர்க்காரர்களுக்குப் புரியவைக்கத் தேவையில்லை.

வேறு வழியும் உண்டு. கானாவில் 1966-ல் க்வாமே என்க்ருமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ராணுவம் அவரைக் கவிழ்த்தது. பிறகு 1972, 1978, 1979, 1981 என்று வரிசையாகக் கவிழ்ப்புகள். கடைசியாக வந்த ஜெர்ரி ராலிங்ஸ் 1992-ல் புதிய சாசனத்தின்கீழ் தேர்தலில் நின்று ஜெயித்தார். இரண்டு முறைக்கு மேல் அதிபராக முடியாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு 2001 ஜனவரியில் எதிர்க்கட்சியிடம் ஆட்சியை ஒப்படைத்தார். அதற்குப் பிறகு கானாவில் ஆட்சி மாற்றம் ஓட்டுப்பெட்டி வழியாகத்தான் நடக்கிறது. ஒரே கரையோரம், பக்கத்துப் பக்கத்து நாடுகள். டோகோவில் விதி ஆளுக்கேற்ப மாறியது. கானாவில் ஆள் விதிக்கு ஏற்ப வெளியேறினார்.

மைசூரில் உண்மையில் எப்போது முடிந்தது?

1799-ல் முடிந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். அன்று ஒரு படையின் இடத்தை இன்னொரு படை பிடித்தது, அவ்வளவே. பணத்தை யார் செலவழிக்கிறார்கள் என்று மக்களில் யாராவது கேட்க முடிந்ததா என்று பார்த்தால், பதில் 1881-ல்தான் தொடங்குகிறது.

அந்த ஆண்டு மார்ச் 25 அன்று ஆட்சி சாமராஜேந்திர உடையாரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. திவான் ரங்காச்சார்லு, செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து வந்தவர். அவர் தொடங்கிய பிரதிநிதிகள் சபை அந்த அக்டோபரில் முதல்முறையாகக் கூடியது. வந்தவர்கள் 144 பேர், பெரும்பாலும் நிலமுள்ளவர்கள், வணிகர்கள். அவர்களுக்கு ஓட்டுப்போடும் உரிமை இல்லை. ஆனால் போன ஆண்டு அரசு என்ன செய்தது, அடுத்த ஆண்டு என்ன செய்யப்போகிறது என்பதை திவான் அவர்கள் முன்னால் நின்று வாசித்தார். அவர்கள் குறைகளைச் சொன்னார்கள். சிறிய விஷயம்தான். ஆனால் 1758-ல் ஹைதரும் கண்டே ராவும் மூடிய அறைக்குள் பார்த்த கணக்கை, இங்கே ஒரு கூட்டத்தின் முன்னால் படித்தார்கள்.

பின்னர் தேர்தல் வந்தது, 1907-ல் சட்ட மேலவை வந்தது. 1947-ல் பொறுப்பாட்சி கேட்டு 'மைசூர் சலோ' போராட்டம் நடந்தது. அக்டோபரில் கே.சி. ரெட்டி முதலமைச்சரானார். சுதந்திர இந்தியாவும் இந்த எச்சரிக்கையோடுதான் தொடங்கியது. பிரிட்டிஷ் தலைமைத் தளபதி வசித்த டெல்லி மாளிகை பிரதமர் நேருவின் இல்லமானது. 1949-ல் இந்தியர் ஒருவர் முதல்முறையாகத் தலைமைத் தளபதியானார். அவர் பக்கத்துக் குடகைச் சேர்ந்த கரியப்பா. 1955-ல் அந்தத் 'தலைமைத் தளபதி' என்ற பதவிப் பெயரே நீக்கப்பட்டு, முப்படைகளுக்கும் தனித்தனித் தலைவர்கள் என்று ஆனது. படைகளின் செலவுக்கு நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒப்புதல் தர வேண்டும். சிப்பாய்க்குச் சம்பளம் தருவது எந்தத் தனி மனிதரும் இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சாரம்.

தேவராஜ மொஹல்லாவுக்குப் பக்கத்திலேயே லஷ்கர் மொஹல்லா இருக்கிறது. லஷ்கர் என்றால் படை. மார்க்கெட் வாசலில் ஓடும் சயாஜி ராவ் சாலை வழியாகத்தான் தசரா ஊர்வலம் போகிறது. ஒரு காலத்தில் ஹைதர் தன் அதிகாரத்துக்கு மறைப்பாகப் பயன்படுத்திய விழா அது. இன்று தங்க அம்பாரியில் அரசர் இல்லை, சாமுண்டீஸ்வரி இருக்கிறாள். செலவுக்கணக்கு மாநில அரசினுடையது. மார்க்கெட்டிலிருந்து சில நிமிட நடையில், பெரிய மணிக்கூண்டுப் பக்கம், டவுன் ஹால் நிற்கிறது. ரங்காச்சார்லுவின் நினைவாகக் கட்டியது. அடுத்த முறை ஆப்ரிக்காவிலிருந்து கவிழ்ப்புச் செய்தி வந்தால், யார் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்பதோடு இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: அந்த நாட்டில் சிப்பாய்களின் சம்பளக் கணக்கு யாருடைய மேசையில் இருக்கிறது, அதை வாங்கிப் பார்க்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?